தீவன மூட்டையில் வந்த மீன் குஞ்சுகள்

கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதை இன்னும் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த மாதம் வெளிநாட்டுக்குப் போகிறாய், விசா வந்துவிட்டது, போனால் சில வருடங்கள் ஆகும். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில், "ஊருக்கு வந்துட்டுப் போக நேரம் கெடைக்காதும்மா, அங்க போயி வீடியோ கால் போடறேன்" என்றாய். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். நல்லவேளை, தீவனம் அரைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டுப் பேசலாம் என்றால், நீ ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். படிக்கும்போது நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தை மாதம் பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அவர்களும் நம்மைப் போலக் கோழிப்பண்ணைக்காரர்கள்தான். நம்மைவிடப் பெரிய பண்ணை. உன் அப்பா விடியற்காலையிலேயே வாசலெல்லாம் தண்ணீர் தெளிக்கவைத்து, ஷெட்டுப் பக்கமிருந்து வாடை வராமல் இருக்கச் சுண்ணாம்புத் தூள் போடவைத்திருந்தார். காப்பி கொடுத்தாயிற்று. பெண்ணின் சித்தப்பா, தடித்த குரல்காரர், உன்னைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு மீன் டிபார்ட்மெண்டுங்கறாங்க, கவர்மெண்டு வேலைங்களா?" என்று கேட்டார். நீ மரியாதையாகத்தான் பதில் சொன்னாய். "இல்லைங்க, ஆராய்ச்சிங்க. கடல் கரையோரத்துல மீன் குஞ்சுக எங்க இருக்குது, என்ன திங்குதுன்னு பாக்கறனுங்க." அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏனுங் மாப்ள, மீன் குஞ்சு தண்ணிக்குள்ள இருக்காம தென்னமரத்துலயா இருக்கப்போகுது?" எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். எனக்கு உன் காது சிவந்தது மட்டும்தான் தெரிந்தது.

நீ எழுந்து போனபோது தண்ணீர் குடிக்கப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். தீவனம் கலக்கிற அறைக்குப் போய், மூட்டையைப் பிரித்து, ரெண்டு கை நிறையக் காய்ந்த மீனை அள்ளிக்கொண்டு வருவாய் என்று யார் கண்டது? முறுக்குத் தட்டையும் வாழைப்பழத்தையும் ஓரமாக நகர்த்திவிட்டு, டீப்பாய்மேல் அதைக் கொட்டிப் பரப்பினாய். கருவாட்டு வாடை கூடம் முழுக்க ஏறியது. பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நீ ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாய். "இது வெளமீனுங்க, பெருசானா என் கை நீளம் வரும். இது சீலா. இது சங்கரா. பாருங்க, எல்லாமே கொளந்தைக. ஒருக்காகூட முட்டை போடாததுக. இதுகளைத்தான் நம்ம ஊட்டுக் கோழியும் திங்குது, உங்க ஊட்டுக் கோழியும் திங்குது." உன் அப்பா, "எந்திரிச்சு உள்ள போ" என்றார். நீ போகவில்லை. அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "இந்தக் கருவாட்டைத் தின்ன கோழி போட்ட முட்டையிலதான்டா நீ படிச்ச." நீ அவர் முகத்தைப் பார்த்தே, "அதுதானுங்கப்பா எனக்குத் தாங்க மாட்டீங்குது" என்றாய்.

அவர்கள் நல்ல மனிதர்கள். ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றமுங்க" என்று எழுந்து போனார்கள். அதன் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை. மறுநாள் காலையில் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது உன் அப்பா மூன்றாவது ஷெட்டுக்குள் இருந்தார். நீ வாசலில் நின்று ஷெட்டுப் பக்கம் பார்த்தாய். அவர் உள்ளேயிருந்து பார்த்திருப்பார். ரெண்டு பேரில் ஒருவர் ரெண்டடி எடுத்துவைத்திருந்தால் முடிந்திருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை அப்பாவும் மகனும் பேசவில்லை. நடுவில் நான் ஒரு தபால்காரி. "அவன் சாப்பிட்டானான்னு கேளு", "அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குதுன்னு கேளுங்கம்மா". இதைத்தான் பத்து மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இது புதிதில்லை உங்கள் ரெண்டு பேருக்கும். நீ நாலாவது படிக்கும்போது ராமேஸ்வரம் போனோம். முதல்முதலாகக் கடலைப் பார்த்தாய். கோயிலுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்துக் கரையிலேயே நின்றாய். எப்படியோ கையாலேயே ரெண்டு மீன் குஞ்சைப் பிடித்து டிபன் பாக்ஸில் கடல்தண்ணீரோடு போட்டு வைத்துக்கொண்டாய். பஸ்ஸில் அது உன் மடியில்தான் இருந்தது. மதுரையிலேயே நீ தூங்கிப்போனாய். உன் அப்பா டிபன் பாக்ஸை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தண்ணீர் கலங்கிப்போச்சு, பாவம் மூச்சு முட்டும் என்று, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து ஊற்றினார். அவ்வளவு ஆசையாகச் செய்தார். நீ கண்விழித்துப் பார்த்தபோது ரெண்டும் வயிறு மேலாக மிதந்தன. வீடு வரும்வரை நீ அவரிடம் பேசவில்லை. அவர் திரும்பத் திரும்ப, "தண்ணிதான மாத்துனேன், தண்ணிதான மாத்துனேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். உப்புத் தண்ணீர் மீன் நல்ல தண்ணீரில் பிழைக்காது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நீ போன பிறகு ஒரு மாதம் கழித்து எனக்கு வாட்ஸப்பில் ஒன்று அனுப்பினாய். பக்கம் பக்கமாக இங்கிலீஷ். நடுநடுவே கட்டம், கோடு, படம். கீழே, "இதைப் படிங்க, அப்பாவுக்கும் காட்டுங்க" என்று எழுதியிருந்தாய். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எட்டப் பிடித்துப் பார்த்தார். "என்னவாம்?" என்றார். "தெரியலைங்க" என்றேன். "பெத்தவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல முடியலை, உலகத்துக்குச் சொல்றானாம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் பங்குனி மாதம் பஸ் ஏறினேன். மகன் எதற்காகக் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டான் என்று நேரில் பார்த்துவிடுவது என்று. உன் அப்பாவிடம் திருச்சியில் ஒரு கல்யாணம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் கிளம்பும்போது ஒரு அட்டை முட்டையை வைக்கோல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு யார் முட்டை கொண்டு போவார்கள்?

நீ ஆராய்ச்சி செய்கிற தொண்டிக் கடற்கரையில் இறங்கி உன்னைப் பார்த்தேன். கறுத்து, இளைத்து, உப்பில் தோல் உரிந்துபோய், தகரக்கூரை போட்ட ஒரு ரூமில், சட்டை காயப்போடும் கயிற்றிலேயே வலையும் தொங்க, இருந்தாய். பிராஜெக்ட் முடியப்போகிறது, அடுத்து என்ன என்று தெரியவில்லை என்றாய். இதற்கா இத்தனை படிப்பு என்று கேட்க வாயெடுத்தேன். நீ அதற்குள், "நாளைக்குக் காலைல தண்ணி வத்தும், வாங்கம்மா காட்டறேன்" என்றாய்.

அந்தக் காலையை நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் உனக்கே நீ அன்று என்ன செய்தாய் என்று தெரிந்த மாதிரி இல்லை. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு உன் கையைப் பிடித்துக் கடலுக்குள் நடந்தேன். வெகுதூரம் போயும் முழங்காலளவு தண்ணீர்தான். காலுக்கடியில் மெத்மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தால் புல். கடலுக்குள் புல் முளைக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. தண்ணீர் அசைகிற பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. அங்கே அதைத் தாழை என்கிறார்கள் என்று சொன்னாய். சின்ன வலையை இழுத்து, வெள்ளைத் தட்டில் கடல்தண்ணீர் ஊற்றி, அதில் வலையைத் தட்டினாய். நகக்கண் அளவு மீன், தீக்குச்சி போல மீன், கண்ணாடி மாதிரி உடம்புக்குள் எலும்பு தெரிகிற மீன். தட்டு முழுக்கத் துடித்தன.

"இதுக எல்லாம் இங்கயே பொறந்ததுக இல்லைம்மா. வெளிக்கடல்ல முட்டை பொரிஞ்சு, கண்ணுக்குத் தெரியாத பொடி ஜீவனைத் தின்னுட்டு மிதந்துட்டே வரும். கொஞ்சம் உடம்பு வந்ததும் இந்தப் புல்லுக்குள்ள பூந்துக்கும். சிலது அலையாத்திக் காட்டு வேருக்குள்ள போயிக்கும். சிலது ஆறு கடல்ல சேர்ற எடத்துக்குப் போகும். பெரிய மீனு அதுக்குள்ள சுளுவா வரமுடியாது."

"இந்தப் புல்லைத் தின்னா வளருது?"

"எல்லாம் திங்காது. ஓரா மீனு மட்டும் புல்லையும் அது மேல இருக்கற பாசியையும் கடிக்கும். மத்ததுக்கு வேற தீனி. இலையத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்குதா? அதுல பேன் மாதிரி, பொடி எறா மாதிரி ஜீவன் ஒட்டிட்டு இருக்கும். இந்த வாய்க்கு அதுதான் போகும். வாய் பெருசாக ஆக எறாக் குஞ்சு, புழு. இந்தச் சீலா இருக்குதே, இது விரல் நீளம் வந்ததும் பக்கத்துல இருக்கற குட்டியையே புடிச்சுத் தின்னுரும். மடவை இன்னொரு தினுசு. பொடியா இருக்கறப்ப மிதக்கறதைத் திங்கும், விரல் நீளமானதும் சேத்தைத் திங்க ஆரம்பிச்சுரும்."

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நாமும் அதைத்தானே செய்கிறோம்? குஞ்சுக்கு ஒரு தீவனம், வளருகிற கோழிக்கு ஒன்று, முட்டைக்கோழிக்கு ஒன்று. குஞ்சுத் தீவனத்தைக் கொஞ்சம் பெரிதாக அரைத்துவிட்டால் அதன் அலகுக்கு எட்டாது, ஒதுக்கிவிடும். கடலில் அதை யாரோ அரைத்துப் போட்டுவைத்திருக்கிறார்கள், அந்தந்த வாய்க்கு. புல் போனால் தீனியும் போச்சு, ஒளிந்துகொள்ள இடமும் போச்சு. கடலின் அடியைத் தடவி இழுக்கிற வலை புல்லையும் பிய்க்கிறது, குஞ்சையும் அள்ளுகிறது. அந்தக் குஞ்சு காய்ந்து மூட்டையாகி நம் ஷெட்டுக்கு வருகிறது. இவ்வளவுதான் நீ சொல்ல வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று அரைமணி நேரத்தில் எனக்கு விளங்கியதை, இத்தனை வருடமாக நீ ஏன் ஒருதரம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லவில்லை? பெண் வீட்டார் வரும்வரை எதற்குக் காத்திருந்தாய்? எனக்கு மெய்சிலிர்த்தது, அதே நேரம் உன் முதுகில் ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது.

அன்று மத்தியானம் நீ மைக்ரோஸ்கோப்புக்குப் போய்விட்டாய். நான் கரையில் நடந்துபோனேன். மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். சேசம்மா என்று பெயர், என் வயதுதான் இருக்கும். நாமக்கல் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாமக்கல்லா? எங்க சங்காயமெல்லாம் உங்க ஊருக்குத்தானே தாயி லாரியில போகுது!" விற்க முடியாத பொடிமீன் கழிசலுக்கு அங்கே சங்காயம் என்று பெயராம். இதெல்லாம் குஞ்சு மீன் என்று இங்கே ஆராய்ச்சி செய்கிற என் மகன் சொல்கிறானே, பிடிக்கலாமா என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "குஞ்சுன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? பெரிய மீனு எங்க கெடக்கு இப்ப? போட்டு போய்ட்டு வந்த டீசலுக்குச் சங்காயம்தான் கைகுடுக்குது. நீங்க வாங்குறதாலதானே போட்டுக்காரவுக அதைக் கடல்ல கொட்டாமக் கரைக்குக் கொண்டாராக? ஒங்க மகன்தான் அந்தப் பரிச்சைக்காரத் தம்பியா? நல்ல புள்ள. ஆனா நம்மகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு. மீனை வாங்குவாரு, அளப்பாரு, போயிருவாரு."

அவர் ஒரு டம்ளரில் வரக்காப்பி கொடுத்தார். நான் ரூமுக்குப் போய், உன் அப்பா கட்டிக்கொடுத்த முட்டையில் பாதியை எடுத்துவந்து அவருக்குக் கொடுத்தேன். திரும்பி நடக்கும்போது மனசு கசந்தது. அந்தக் கடலில் எந்த மீன் குஞ்சு எதைத் தின்கிறது என்று உனக்குத் தெரியும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற சேசம்மா வீட்டில் என்ன உலை வைக்கிறார்கள் என்று தெரியாது. உன்னிடம் சொன்னேன். "அது என் வேலை இல்லைம்மா, அதுக்கு வேற டிபார்ட்மெண்ட் இருக்குது" என்றாய். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். தீவனக் கலவை என் பொறுப்புதானே? ஆனி பிறந்ததும், உன் அப்பாவிடம் கேட்காமல், கடைசி ஷெட்டுக்கு மட்டும் மீனை நிறுத்திவிட்டு அந்த எடைக்குச் சோயாவைக் கூட்டிப் போட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் முட்டை சிறுக்க ஆரம்பித்தது. பிறகு கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. முட்டை அடுக்குகிற பெண் ஒருத்தி, "அக்கா, அந்த ஷெட்டுல மட்டும் முட்டை கோலிக்குண்டு மாதிரி வருதுங்க" என்று உன் அப்பா இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

உன் அப்பா கலவை அறைக்கு வந்து, மூட்டைகளைப் பார்த்து, என்னைப் பார்த்தார். "மீனு எங்க?"

"அந்த ஷெட்டுக்கு நிறுத்திட்டனுங்க."

"அவன் சொன்னானா?"

"இல்லைங்க. நானேதான்."

"போயிப் பாத்துட்டு வந்தியாக்கும். திருச்சியில கல்யாணம்." அதற்குமேல் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "கொத்துப்பட்ட கோழியப் போயிப் பாரு. அதுவும் உசுருதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தேன். முதுகெல்லாம் ரத்தம் கசிய, கூண்டு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று உன்னை எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமா? எடுக்கவில்லை. மறுநாள் ஒரு மெசேஜ் வந்தது. "படகுல இருந்தேன்மா. கோழித் தீவனம் எனக்குத் தெரியாது, யாராவது டாக்டரைக் கேளுங்க." அவ்வளவுதான். எதைப் போடக்கூடாது என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன், பதிலுக்கு எதைப் போடவேண்டும் என்று ஒருநாளாவது யோசித்தாயா? உனக்கு மீன் குஞ்சின் வயிறு தெரியும். அந்த மீன் போய்ச் சேருகிற கோழியின் வயிற்றைப் பற்றி யோசிக்க உனக்கு நேரமில்லை. நாங்கள் மீன் போடுவது கடல்மேல் இருக்கிற விரோதத்தாலா? அதில் ஏதோ சத்து இருக்கிறது, கோழி கேட்கிறது, போடுகிறோம்.

கடைசியில் கால்நடை டாக்டரம்மா ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டு, "மீனை நிறுத்துனீங்க சரி, மீனுல இருந்து வந்த சத்தை வேற வழியில குடுக்கணுமில்லைங்க? சோயாவ மட்டும் கூட்டுனா பத்தாது" என்றார். மெத்தியோனின், லைசின் என்று ரெண்டு தூள் எழுதிக் கொடுத்து, எவ்வளவு கலக்கவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னபடியே கலந்தேன். கொத்துவது முதலில் நின்றது. பிறகு முட்டை மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வந்தது. உன் அப்பா தினமும் அந்த ஷெட்டுக்குப் போய் முட்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார்.

புரட்டாசியில் மீன் லோடு ஏற்றிவிடுகிற புரோக்கர் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் அப்பா, "இப்பைக்கு வேண்டாமுங்க" என்றார். அந்த ஆள் விடாமல் பேசினார் போலிருக்கிறது. "இல்லைங்க, எந்த ஷெட்டுக்கும் வேண்டாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். "ஏனுங்க?" என்று கேட்டேன். "மீனுல மண்ணும் உப்பும் சேர்ந்து வருது. கோழிக்குக் கழிச்சல் ஆகுது" என்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வரவும் வராது. நீ எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதே. இதை ஒரு மாதமாக உன்னிடம் நான் சொல்லவில்லை, நீயாக அவரைக் கூப்பிட்டுப் பேசுவாய், அப்போது அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். நீ கூப்பிடவில்லை. இப்போது விமானம் ஏறப்போகிறேன் என்கிறாய்.

இதனால் கடல் பிழைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நம் ஒரு பண்ணை வாங்காவிட்டால் அந்த மூட்டை அடுத்த பண்ணைக்குப் போகும். சேசம்மாவை நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது. அவருக்கு என்ன வழி என்று உன்னைக் கேட்டால் நீ டிபார்ட்மெண்டைக் காட்டுவாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உன் படிப்பு யார் கைக்குப் போய்ச் சேரவேண்டுமோ அவர்களிடம் அதை நீ சொல்வதே இல்லை. கோபம் வந்தால் கொட்டுகிறாய், கோபம் போனால் இங்கிலீஷில் எழுதுகிறாய். போகிற இடத்திலாவது இதை மாற்றிக்கொள். அங்கேயும் ஒரு கரை இருக்கும், மீன் காயப்போடுகிற ஒரு மனுஷி இருப்பாள். முதல் வாரத்திலேயே போய் அவளிடம் உட்கார்ந்து பேசு.

இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்திருந்தார். நம் தீவனத்தில் மீன் இல்லை என்று எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். மண்ணு, உப்பு என்று உன் அப்பா அதே பாட்டைத்தான் பாடுவார் என்று நினைத்து நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. "கடலுக்குள்ள புல்லு மொளைக்குதாமுங்க. நம்ம சோளக்காடு மாதிரி. குட்டிமீனெல்லாம் அதுக்குள்ளதான் ஒளிஞ்சுட்டு இருக்குமாமுங்க, பெரிய மீனு உள்ள வரமுடியாதாம். வலைபோட்டு அதையே சொரண்டிப்போட்டா அப்பறம் மீனுக்கு எங்கீங்க போறது?" நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மீனை நிறுத்திய குட்டு வெளிப்பட்ட பிறகு ஒருநாள், தொண்டியில் நான் பார்த்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தனையும் கேட்டிருக்கிறார். அந்தப் பண்ணைக்காரர், "அப்படீங்களா? அதுக்குள்ள அதுகளுக்குத் தீனி?" என்று கேட்டார். உன் அப்பா கொஞ்சம் யோசித்து, "அந்தப் புல்லையேதான் திங்குமாமுங்க. பையன் அதைத்தான படிக்கறான்" என்றார்.

தப்பாகச் சொன்னார். ஆனால் பையன் என்று சொன்னார். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்கிறேன்.

நான் வெளியே போய்த் திருத்தவில்லை. ஓரா மட்டும்தான் புல்லைக் கடிக்கும், மற்றதெல்லாம் புல்லில் ஒட்டியிருக்கிற ஜீவனைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அது நான் சொல்ல வேண்டியது இல்லை. நேரம் கிடைக்காது என்று இன்னொருதரம் சொல்லாதே. தொண்டியிலிருந்து காலையில் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். நான் வந்த வழிதான். நீ போகிற செய்தியை நீயே அவரிடம் சொல்லு. மோட்டாரைக் கழற்றிக்கொண்டோ, மூட்டையைத் தைத்துக்கொண்டோ, உன் பக்கம் திரும்பாமல்தான் இருப்பார். அதைப் பார்த்துவிட்டு நீ வாசலிலேயே நின்றுவிடாதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து, மீன் குஞ்சு என்ன தின்கிறது என்று ஆரம்பி.

அம்மா